காற்றுக் குலுக்கலில் (டர்புலன்ஸ்) விமானத்தின் உயரத்தைத் துரத்துவது பற்றி

2024 மே 21 அன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ321, போயிங் 777, "6,000 அடி விழுந்தது" என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அந்த 6,000 அடி, குலுக்கல் அடங்கியபின் 31,000 அடிக்கு நிதானமாக இறங்கிய கணக்கு. குலுக்கலின்போது நடந்தது வேறு. 37,000 அடியில் இருக்க வேண்டிய விமானத்தை மேலெழுந்த காற்று 37,362 அடிக்குத் தூக்கியது. ஆட்டோபைலட் உயரத்தைப் பிடிக்க மூக்கைத் தாழ்த்தியது. வேகமும் ஏறவே விமானிகள் வேகத்தைக் குறைக்கும் இறக்கைத் தகடுகளை (ஸ்பீடு பிரேக்) விரித்தார்கள். அடுத்து 0.6 விநாடிக்குள் ஜி விசை (எடையின் மடங்கில் உடல் உணரும் விசை; மைனஸ் என்றால் இருக்கையிலிருந்து மேலே தூக்கும்) +1.35-லிருந்து -1.5-க்குப் போனது, 4 விநாடிக்குள் மறுபடி +1.5. இழந்த உயரம் வெறும் 178 அடி. பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோத அதுவே போதுமாக இருந்தது. ஒரு பயணி இறந்தார். விமானிகள் 21 விநாடி கையால் ஓட்டி, பிறகு ஆட்டோபைலட்டை மீண்டும் போட்டார்கள். ஆபத்து எவ்வளவு என்று உயரம் காட்டும் ஆல்டிமீட்டரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு வேண்டாம்.

* * *

178 அடி விஷயம் சரி. ஆனால் உயரத்தை விடாமல் பிடிக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். காற்று மேலே தூக்கும்போது உயரத்தைக் காக்க மூக்கு தாழ்கிறது, வேகம் ஏறுகிறது, எஞ்சின் விசையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ த்ரஸ்ட் ஐடிலுக்கு, அதாவது ஆகக் குறைந்த விசைக்கு, வருகிறது. உடனே கீழ்நோக்கிய காற்று அடித்தால் மூக்கு தூக்கப்படுகிறது, வேகம் சரிகிறது, எஞ்சினோ மெதுவாகத்தான் சுழன்று ஏறும். உயரே போகப் போக ஸ்டாலுக்கும் (வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழப்பது) அதிவேக பஃபெட்டுக்கும் (வேகம் மீறி விமானம் அதிர்வது) நடுவிலுள்ள இடைவெளி குறுகல். அதில் இப்படி மேலும் கீழும் ஆடுவதுதான் உண்மையான அபாயம்.

1963 பிப்ரவரி 12, நார்த்வெஸ்ட் 705, போயிங் 720. மயாமியிலிருந்து கிளம்பி இடிமேகங்களுக்குள் ஏறும்போது பலத்த மேல்காற்று தூக்கியது. அதை எதிர்த்துக் கொடுத்த பெரிய எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) அசைவும் காற்றின் விசையும் சேர்ந்து விமானத்தைச் செங்குத்தாகக் கீழ்நோக்கிய பாய்ச்சலில் தள்ளின. 43 பேரும் இறந்தார்கள். உயரத்தை விட்டு ஆட்டிட்யூடை (மூக்கும் இறக்கைகளும் நிற்கும் கோணத்தை) பிடி என்ற பாடம் அந்தக் காலத்து விபத்துகளில் கற்றது.

ஆகவே விமானியின் முதல் வேலை பெல்ட் விளக்கு, கேபின் குழுவை அந்த நொடியே உட்காரச் சொல்வது. அடுத்து வேகம்: போயிங் 737 என்ஜி வகையில் 280 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) அல்லது மேக் 0.76 (ஒலி வேகத்தில் 0.76 பங்கு), ஏர்பஸ் ஏ320-இல் 20,000 அடிக்கு மேல் 275 நாட் அல்லது 0.76. ஏ320-இல் ஆட்டோபைலட் இருக்கட்டும். த்ரஸ்ட் அளவுக்கு மீறி ஏறி இறங்கினால் ஆட்டோ த்ரஸ்ட்டை எடுத்துவிட்டு, க்யூஆர்ஹெச் (விமானியின் விரைவுக் கையேடு) அட்டவணையில் எடைக்கும் உயரத்துக்கும் உள்ள என்1-ஐ (எஞ்சின் விசிறியின் சுழல் வேகம்) வைத்து அப்படியே விடுங்கள். கையால் ஓட்ட நேர்ந்தால் இறக்கைகள் மட்டமாக, பிட்ச் (மூக்கின் ஏற்றக் கோணம்) 2 முதல் 3 டிகிரி, சின்னத் திருத்தங்கள் மட்டும். ட்ரிம்மை (மூக்கை ஒரே கோணத்தில் நிறுத்தும் வால் அமைப்பு) மாற்றி மாற்றித் துரத்தாதீர்கள், காற்று நின்றதும் அது உங்களுக்கு எதிராக நிற்கும். ரட்டர் (வாலின் செங்குத்துத் தகட்டில் காலால் மிதித்து இயக்கும் பகுதி) பக்கம் காலே போகக் கூடாது. 2001-இல் அமெரிக்கன் 587, ஏ300, முன்னே சென்ற விமானம் விட்ட காற்றுச் சுழலில் (வேக் டர்புலன்ஸ்) மாறி மாறி மிதித்த ரட்டரால் வால் செங்குத்துத் தகட்டையே இழந்தது.

* * *

உயரத்தை விடலாம், ஆனால் சொல்லாமல் விடக் கூடாது. 29,000 முதல் 41,000 அடி வரை ஆர்விஎஸ்எம், அதாவது குறைக்கப்பட்ட உயர இடைவெளி. மேலும் கீழும் அடுத்த விமானம் 1,000 அடியில் இருக்கிறது. உயரம் 200 அடி அளவுக்கு விலகத் தொடங்கினாலே "அனேபிள் ஆர்விஎஸ்எம் டியூ டர்புலன்ஸ்" (குலுக்கலால் அந்த இடைவெளியைக் காக்க முடியவில்லை) என்று விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு (ஏடிசி) சொல்லுங்கள். அதைக் கேட்டால்தான் கன்ட்ரோலர் இடைவெளியைக் கூட்ட முடியும். டிகாஸ் ஆர்ஏ (மோதல் தவிர்ப்புக் கருவியின் ஏறு, இறங்கு கட்டளை) வந்தால் கொடுத்த உயரத்தைப் பார்க்க வேண்டாம், ஆர்ஏ சொல்வதுதான்.

மலை அலை, அதாவது மலையைத் தாண்டும் காற்று அலையாக எழுந்து தாழ்வது, தனி ரகம். குலுக்கலே இருக்காது, உயரம் அப்படியே நிற்கும், த்ரஸ்ட் முழுதாக ஏறியிருக்கும், வேகம் மட்டும் வழிந்துகொண்டே இருக்கும். உயரத்தை ஆட்டோபைலட் வேகத்தைச் செலவழித்து வாங்குகிறது. ஸ்டால் நெருங்கும்வரை காத்திருக்காமல் ஏடிசியிடம் ஓர் உயர வரம்பு முழுதையும் (பிளாக் ஆல்டிட்யூட்) கேளுங்கள்: 350 முதல் 370 வரை, அதாவது 35,000 முதல் 37,000 அடி என்று. கிடைத்தால் வேகத்தைப் பிடித்து உயரத்தை மிதக்க விடலாம்.

"மேலே போனால் அமைதியாக இருக்கும்" என்று ஏறும் முன் 1.3 ஜி பஃபெட் வரம்பை (1.3 மடங்கு சுமை வந்தாலும் அதிர்வு தொடங்காத இடைவெளி) பாருங்கள். எடை அதிகமாக இருக்கும்போது ஏறினால் அந்த வரம்புதான் கரையும். அப்போது இறங்குவதே நல்லது.

வெளியே வந்ததும் பைரெப் (மற்ற விமானங்களுக்கான விமானியின் வானிலை அறிக்கை) கொடுக்கும்போது இடம், நேரம், உயரம், தீவிரத்தோடு விமான வகையையும் சேருங்கள். 777 "மாடரேட்" (மிதமானது) என்று சொன்ன காற்றில் சின்ன ஜெட் இன்னும் கடுமையாக அடிவாங்கும். வகை தெரியாவிட்டால் பின்னால் வருபவரால் அந்தச் சொல்லை எடைபோட முடியாது.