உவர் ஏறாமல் கிணறு இறைக்கும் கட்டுப்பாட்டில் அலைவு: உதவி தேவை

வணக்கம். கட்டுப்பாட்டுப் பொறியியல் தெரிந்த அண்ணாமார், அக்காமார் ஒருக்கால் பாருங்கோ.

இடம் யாழ்ப்பாணம் வலிகாமத்துச் சுண்ணாம்புக்கல் நிலம், 3 மீற்றர் விட்டமுள்ள தோட்டக் கிணறு. நீரின் மின்கடத்துதிறனை (உப்பு கூடினால் அதுவும் கூடும்) பார்த்து, இன்வேர்ட்டர் (மின் அதிர்வெண்ணை மாற்றும் கருவி) மோட்டரின் வேகத்தை மாற்றவேணும். இலக்கு சென்ரிமீற்றருக்கு 1200 மைக்ரோசீமன்ஸ்.

நீர்மட்டத்தில் பிரச்சினை இல்லை. பரப்பு 7.07 சதுர மீற்றர். மட்டம் 1 மீற்றர் இறங்கினால் ஊற்று செக்கனுக்கு 2 லீற்றர். நேர மாறிலி (மாற்றத்தின் 63 சதவீதம் நடக்க எடுக்கும் நேரம்) ஏறக்குறைய 59 நிமிடம், அளவீட்டோடு பொருந்துது.

சிக்கல் உப்பில்தான். இறைப்பை செக்கனுக்கு 1 லீற்றரிலிருந்து 2 ஆக்கினால் கடத்துதிறன் 900இலிருந்து 1300க்குப் போகுது: தாமதம் 40 நிமிடம், நேர மாறிலி 90 நிமிடம். குறைத்தாலோ இறங்க 5 மணித்தியாலம்! நன்னீர் மட்டம் 1 சென்ரிமீற்றர் தாழ்ந்தால், சமநிலையில் கீழேயுள்ள உவர்நீர் 40 சென்ரிமீற்றர் மேலெழும். அப்படிக் கூம்பாக ஏறின உவர்நீர் லேசில் படியாது.

பிஐ கட்டுப்படுத்தியில் (இலக்கிலிருந்து விலகும் பிழையையும், அது காலத்தோடு சேர்ந்த தொகையையும் பார்த்துத் திருத்துவது) விகிதப் பெருக்கம் 0.0028, தொகையீட்டு நேரம் 90 நிமிடம். ஏறும்போது சரி. இறங்கும்போது தொகையீடு எதிர்ப்பக்கம் குவிந்து வேகத்தை அடிமட்டத்துக்கு இழுக்குது. 32 ஹேர்ட்ஸுக்குக் கீழே மோட்டர் சுத்தும், தண்ணி வராது. குழாயில் ஓட்டம் நின்றால் சென்சர் பழைய தண்ணியைத்தான் அளக்கும், அந்த வாசிப்பை நம்பேலாது. தொகையீட்டை அந்த எல்லையில் உறைய வைத்தும் அலைவு குறைஞ்சதே தவிர நிக்கேல்லை. (வெப்பநிலைத் திருத்தம், பாகைக்கு 2 சதவீதம், போட்டாச்சு.)

ஸ்மித் முன்கணிப்பி (தாமதத்தைக் கணித மாதிரியால் முன்கூட்டிக் கணித்து ஈடுசெய்யும் முறை) ஒரே நேர மாறிலியை எடுக்குது, இங்கே அது பொருந்துமோ? ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இரண்டு கணித மாதிரிகளை வைத்து மாற்றினால், மாறும் கணத்தில் வேகம் துள்ளாமல் தொகையீட்டை எப்படித் தொடக்குவது? செய்து பார்த்தவை அளவுகளோட சொல்லுங்கோ.