கை என்ன பிரேக்கா?

நடராஜா சர்வீஸ்:
"சிக்னல் இல்லாத இடத்தில் கையை நீட்டிக்கொண்டு குறுக்கே வருகிறவர்களுக்குத்தான் முதலில் அபராதம் போட வேண்டும்" என்று நேற்று கியர்பெட்டி அருள்வாக்கு சொல்லியிருந்தார். ஐயா வேளச்சேரி மெயின் ரோட்டை என்றைக்காவது நடந்து கடந்திருக்கிறாரா? என் அம்மாவுக்கு 68 வயது. ஒரு கையில் காய்கறிப் பை, மறு கையைத் தூக்கினால்தான் பாதி ரோடாவது தாண்டுவார். அதற்கே "வீட்ல சொல்லிட்டு வந்தியா"ன்னு ஒருவன் கேட்டுவிட்டுப் போனான்.

கியர்பெட்டி:
அம்மாவை ஏன் சார் இழுக்கிறீர்கள்? கை என்ன பிரேக்கா? 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 14 மீட்டர் ஓடும். நான் கையைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த 14 மீட்டர் போய்விடும். பின்னால் தண்ணி லாரி வேறு.

நடராஜா சர்வீஸ்:
கணக்கு பிரமாதம். அதே கணக்கில் 30-ல் வந்தால் 8 மீட்டர்தான். சிக்னல் இல்லாத ஜீப்ரா கிராசிங்கில் வேகத்தைக் குறைத்து, நின்று, நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்று 2017-ல் வந்த மத்திய அரசின் ஓட்டுநர் விதிமுறைகளே சொல்கின்றன. லைசென்ஸ் எடுக்கும்போது 8 போட்டதோடு சரியா?

கியர்பெட்டி:
கிராசிங் எங்கே இருக்கிறது? பெயின்ட் போன மழையிலேயே கரைந்துவிட்டது. கோடே இல்லாத இடத்தில் கை மட்டும் பிரேக் ஆகிவிடுமா?

பஸ்பாஸ்:
ஒரு நிமிடம். எனக்குப் பயம் கை காட்டியும் நிற்காத வண்டி இல்லை. நமக்காக பஸ் நின்றுவிடும். நம்பிக் காலை வைத்தால், பஸ்ஸின் மறைவிலிருந்து ஒரு பைக் சர்ரென்று வரும். அவனுக்கு நம் கையும் தெரியாது, தலையும் தெரியாது.

நடராஜா சர்வீஸ்:
அது இருக்கட்டும். கை விஷயத்துக்கு வருவோம். ஜப்பானில் சிக்னல் இல்லாத கிராசிங்கில் கையைத் தூக்கி ஓட்டுநருக்குத் தெரிவிக்கும் யோசனையை 1978-ல் சாலை விதிக் கையேட்டிலிருந்து நீக்கினார்கள். 2021-ல் காவல்துறையே திரும்பச் சேர்த்தது. அவர்கள் எல்லோரும் முட்டாள்கள், கியர்பெட்டி மட்டும் மேதை.

சிங்கைவாசி:
இங்கே சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கும் கையைத் தூக்கித்தான் கடக்கச் சொல்லித்தருகிறோம். அதே சமயம் கடப்பிடத்துக்கு 50 மீட்டருக்குள் வேறு இடத்தில் குறுக்கே போனால் குற்றம். நம்மூரில் ஒழுக்கம் வராது.

கியர்பெட்டி:
வந்துட்டாருய்யா! விமானம் ஏறியதும் "நம்மூர்" கசந்துவிடுகிறது. நடராஜா சார், ஜப்பான்காரன் ஓரத்தில் நின்று கையைத் தூக்குகிறான். நீங்கள் நடுரோட்டில் போன் பேசிக்கொண்டே தூக்குகிறீர்கள்.

நடராஜா சர்வீஸ்:
போன் பேசியதை நீங்கள் பார்த்தீர்களா? போன வருடம் ஹெல்மெட் விவாதத்திலும் இப்படித்தான், பதில் இல்லாதபோது நான் சொல்லாததைச் சொன்னதாக எழுதினீர்கள். ஒன்வேயில் எதிரே வருவதை "ஷார்ட்கட்" என்றவரும் நீங்களே. எனக்கு மறக்காது.

கியர்பெட்டி:
அந்த ஹெல்மெட் விவாதத்தில் பாதியில் ஓடியது யார்? கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. கை பிரேக்கா, இல்லையா?

நடராஜா சர்வீஸ்:
நாளைக் காலை 9 மணிக்கு எங்கள் தெருமுனைக்கு வாருங்கள். கையைக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு தடவை கடந்து காட்டுங்கள்.

கியர்பெட்டி:
வருகிறேன். வண்டியை எங்கே நிறுத்துவது?

நடராஜா சர்வீஸ்:
வழக்கம்போல நடைபாதையில்தான்.