அரூப ஓவியம் பிரம்மஞானத்துக்குக் கடன்பட்டதா?

நிறமாலை:
1936இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் அதன் இயக்குநர் ஆல்ஃபிரட் பார் ஒரு வரைபடம் வெளியிட்டார். எந்தப் பொருளையும் காட்டாமல் கோடும் நிறமும் வடிவமுமாக மட்டும் வரையும் அரூப ஓவியம் எங்கிருந்தெல்லாம் வந்தது என்று அம்புக்குறி போட்டுக் காட்டும் படம். சேசான், வான்கோ, ஜப்பானிய அச்சுப்படங்கள், ஆப்பிரிக்கச் சிற்பம், இயந்திரங்களின் அழகு எல்லாம் அதில் உண்டு. கண்ணுக்குத் தெரியாத மெய்யை நேரடியாக அறியலாம் என்று சொன்ன பிரம்மஞானம் (தியாசபி) மட்டும் இல்லை. நம் ஓவியக் கட்டுரைகளும் இன்றுவரை அந்த அம்புக்குறிகளின் பின்னால்தான் போகின்றன. இது அநியாயம் என்றே சொல்வேன்.

பிரம்மஞான சபை 1875இல் நியூயார்க்கில் தொடங்கி, சில ஆண்டுகளில் நம் அடையாறைத் தலைமையிடமாக்கிக்கொண்டது. அன்னி பெசன்ட்டும் லெட்பீட்டரும் 1905இல் ‘எண்ண வடிவங்கள்’ என்ற நூலைக் கொண்டுவந்தார்கள். கோபம், பக்தி, பயம் ஒவ்வொன்றுக்கும் தனி நிறமும் வடிவமும் உண்டு என்று வண்ணப் படங்களாகவே அச்சிட்டார்கள். வாக்னரின் இசை ஒரு தேவாலயத்துக்கு மேலே மலைபோல எழும் படம்கூட அதில் இருக்கிறது. 1908இல் வந்த அதன் ஜெர்மன் பதிப்பு அரூப ஓவிய முன்னோடி காண்டின்ஸ்கியிடம் இருந்தது. கலையில் ஆன்மிகம் பற்றி 1911இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் சபையை நிறுவியவர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கியைப் பெயர் சொல்லியே பேசுகிறார். இன்னொரு முன்னோடியான மோந்திரியான் 1909இல் டச்சு பிரம்மஞான சபையில் உறுப்பினராகவே சேர்ந்தார். இதையெல்லாம் விட்டுவிட்டு எழுதுவது எப்படி வரலாறாகும்?

கல்தச்சன்:
நிறமாலை, ஒன்றுக்குப் பின் இன்னொன்று வந்தால் முதலாவதுதான் காரணம் என்று ஆகிவிடாது. உங்கள் மோந்திரியானையே எடுத்துக்கொள்வோம். சபையில் சேர்ந்த பிறகு, 1911இல் ‘பரிணாமம்’ என்று மூன்று பகுதிகள் கொண்ட ஓவியம் வரைந்தார். அவர் வரைந்ததிலேயே பிரம்மஞானம் பச்சையாகத் தெரிவது அதில்தான். அதில் என்ன இருக்கிறது? நிர்வாணமாக நிற்கும் மூன்று பெண் உருவங்கள், தலைக்கு இரு புறமும் சின்னங்கள். அரூபமே கிடையாது. அப்புறம் பொருள்களைக் கட்டங்களாக உடைத்து வரையும் பிக்காசோ, பிராக்கின் கியூபிசப் படங்களைப் பார்க்கிறார், பாரிஸுக்குப் போகிறார். மரம் கோடுகளாகச் சிதறுவது அதற்குப் பிறகுதான். மறைஞானம் அவருக்குச் சின்னங்களைக் கொடுத்தது. கோடுகளைக் கொடுத்தது கியூபிசம்.

காண்டின்ஸ்கியும் அப்படித்தான். மாஸ்கோவில் மோனேயின் வைக்கோற்போர் ஓவியத்தைப் பார்த்து, அது என்ன பொருள் என்றே தெரியாமல் நின்றதைப் பின்னாளில் அவரே எழுதினார். 1911 ஜனவரியில் ஷோன்பெர்க்கின் கச்சேரியைக் கேட்டுவிட்டு வந்து வரைந்த படமும் நம் முன் இருக்கிறது. நீங்கள் சொல்லும் அதே புத்தகத்தில், பிரம்மஞானிகள் விடை சொல்ல அவசரப்படுகிறார்கள், அது சந்தேகத்தைக் கிளப்பும் என்றும் எழுதியிருக்கிறார். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

சபையின் நம்பகத்தன்மையையும் சொல்லியாக வேண்டும். மகாத்மாக்கள் என்ற மறைவான குருமார்களிடமிருந்து வந்ததாகச் சொன்ன கடிதங்களை, அடையாறில் நடந்ததாகச் சொன்ன அற்புதங்களை அமானுஷ்ய நிகழ்வுகளை ஆராயும் ஒரு லண்டன் சங்கம் விசாரித்தது. பிளாவட்ஸ்கி மோசடிக்காரர் என்று 1885 அறிக்கை முடிவு கட்டியது.

தேனருவி:
கல்தச்சன் ஐயா, எல்லாம் கியூபிசத்திலிருந்து வந்தது என்றால் ஸ்வீடன் நாட்டுப் பெண் ஓவியர் ஹில்மா அஃப் கிளிண்டை எங்கே வைப்பீர்கள்? ஸ்டாக்ஹோம் கலைக்கழகத்தில் முறையாகப் படித்தவர். 1896 முதல் நான்கு தோழிகளோடு ஆவிகளோடு பேசும் கூட்டம் நடத்தினார். 1906இல் கோயிலுக்கான ஓவியங்கள் என்ற வரிசையைத் தொடங்குகிறார். 1915க்குள் 193 ஓவியங்கள். 1907இல் வரைந்த ‘பத்துப் பெரியவை’ ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கும் மேல் உயரம். சுருள்களும் வட்டங்களும் எழுத்துகளுமாக, பார்த்தால் கண் விலகாது. அப்போது கியூபிசமே பிறக்கவில்லை. இந்தப் பெண்மணிக்கு யார் அம்புக்குறி போடுவார்கள்?

தன் படங்களை இறந்து 20 ஆண்டுகள் வரை காட்டக்கூடாது என்று சொல்லிவிட்டு 1944இல் இறந்தார். உலகம் அவற்றைப் பார்க்க 1986 வரை ஆனது. 2018இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் தொடங்கிய அவருடைய கண்காட்சிக்கு 6 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள்.

கல்தச்சன்:
அவர் பெரிய ஓவியர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நாம் பேசுவது செல்வாக்கைப் பற்றி. 1986 வரை பெரும்பாலும் யாருமே பார்க்காத படங்கள் மேற்கத்திய ஓவியத்தை எப்படித் திருப்பியிருக்கும்? தனக்கு மேலுலகத்திலிருந்து வந்த கட்டளையாகத்தான் அவர் அவற்றைக் கருதினார். கோடு போடுவதில் அவருக்கு இருந்த தேர்ச்சி கால்நடை மருத்துவ நிறுவனத்துக்கு வரைபடம் வரைந்தபோதும் பயன்பட்டது. கையில் வித்தை முன்பே இருந்தது.

ஏழிலை:
குறுக்கிடுகிறேன். பிரம்மஞானத்துக்கு ஓவியத்தின் பெருமையைக் கொடுப்பவர்கள் அதன் இன்னொரு வாரிசையும் சேர்த்தே ஏற்க வேண்டும். பிளாவட்ஸ்கி 1888இல் வெளியிட்ட பெரிய நூல் மனித குலத்தை மூல இனங்களாகப் படிவரிசைப்படுத்துகிறது. வியன்னாவில் கைடோ ஃபான் லிஸ்ட் போன்றவர்கள் அதை எடுத்து ஆரிய மேன்மை பேசினார்கள். ஆல்ஃபிரட் பார் போன்றவர்கள் இந்தப் பக்கமே வராமல் போனதற்கு இந்த நாற்றமும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நிறமாலை:
ஏழிலை சொல்வது சரி. அதையும் எழுதத்தான் வேண்டும், மறைக்கக் கூடாது.

கல்தச்சன், அறிக்கை மோசடி என்று சொன்னது அற்புதங்களை. ஓவியரை அசைத்த எண்ணம் வேறு: கண்ணுக்குத் தெரியாததும் மெய்யானது, அதற்கும் நிறமும் வடிவமும் உண்டு. காண்டின்ஸ்கி மியூனிக்கில், ஹில்மா ஸ்டாக்ஹோமில், ஒருவரை ஒருவர் அறியாமலே இந்த எண்ணத்திலிருந்து அரூபத்துக்கு வந்தார்கள். இளமையில் ஆவி ஊடகமாக இருந்த செக் ஓவியர் குப்காவும் வந்தார். கியூபிசத்தைக் கண்டுபிடித்த பிக்காசோவும் பிராக்கும்? கடைசிவரை கிட்டாரையும் புட்டியையும் விடவில்லை. வழி தெரிந்தவர்கள் வாசலில் நின்றுவிட்டார்கள், நம்பிக்கை இருந்தவர்கள் உள்ளே போனார்கள்.

கல்தச்சன்:
பிரெஞ்சு ஓவியர் தெலோனே 1912-13இல் வண்ண வட்டங்களை வரைந்தபோது எந்த ஆவியையும் கூப்பிடவில்லை. செவ்ரல் என்ற வேதியியலாளரின் நிறக் கோட்பாடே அவருக்குப் போதுமானதாக இருந்தது. நீங்கள் சொன்ன வாசலுக்குள் அவரும்தான் போனார்.

நிறமாலை:
போனார், திரும்பியும் வந்தார். 1920களில் ஈஃபில் கோபுரத்தையும் ஓட்டக்காரர்களையும் வரைந்துகொண்டிருந்தார். மோந்திரியான், பிழைப்புக்காக விற்ற பூ ஓவியங்களை விட்டால், 1944இல் இறக்கும்வரை பொருளின் பக்கம் திரும்பவில்லை. நிறக் கோட்பாடு ஒரு படத்தை வரைய வைக்கும். இருபது வருடங்களுக்கு மேல் வறுமையில் நேர்கோடு மட்டும் போட வைக்குமா?

கல்தச்சன்:
பிடிவாதம் மறைஞானிகளுக்கு மட்டும் சொந்தமில்லை. சேசானும் ஒரே மலையை ஆண்டாண்டாக வரைந்தார், அவருக்கு எந்தச் சபையும் தேவைப்படவில்லை.