ஆறு பேர், ஆறு சிங்கிள் மால்ட்: எந்த வரிசையில், எவ்வளவு, தண்ணீர் எப்போது?

கரிப்புகை கேட்டது:

ஆறு பேர் உட்கார்ந்து ஆறு சிங்கிள் மால்ட்டை (ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்த விஸ்கி) ஒரே மாலையில் சுவைத்துப் பார்க்கத் திட்டம். பாட்டிலைத் தீர்ப்பது நோக்கமில்லை. எது எதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று பிடிபட வேண்டும். இருப்பவை (அடைப்பில் சாராய அளவு): ஆக்கன்டோஷன் 12 (40%), கிளென்லிவெட் 12 (40%), கிளென்டிரோனாக் 12 (43%), டாலிஸ்கர் 10 (45.8%), ஆர்ட்பெக் 10 (46%), கிளென்ஃபார்க்ளாஸ் 105 (60%).

1. எந்த வரிசை? 105-ஐ எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.
2. ஒருவருக்கு எவ்வளவு ஊற்றலாம்?
3. தண்ணீரா, ஐஸா, ராவாகவா?
4. சிறப்புக் கிளாஸ் அவசியமா?
5. மூன்றாவதைத் தாண்டினால் எல்லாம் ஒரே மாதிரி தெரியும் என்கிறார்களே, அதை எப்படித் தவிர்ப்பது?

மூக்கும்முழியும்:

ஐந்தாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது. மூன்றாவதுக்கு மேல் எல்லாம் ஒன்றுபோல் தெரிவதற்குப் பொதுவாக மூன்று காரணங்கள். அளவு அதிகம், வேகம் அதிகம், காரமான சைடிஷ். மிளகாய் பட்ட நாக்கில் 46% சாராயம் விழுந்தால் எரிச்சல் மட்டும்தான் மிஞ்சும். சுவைக்கும் நேரத்தில் உப்பில்லாத பிஸ்கட்டோ வெறும் ரொட்டியோ போதும். சாப்பாட்டை ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள், வெறும் வயிறு கூடாது. காபி, புதினா மிட்டாய், சென்ட், ஊதுபத்தி நான்கும் அன்று வேண்டாம். சென்ட் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தால் ஆறு பேருடைய மூக்கும் போச்சு.

அளவு: ஒருவருக்கு ஒரு விஸ்கியில் 15 மில்லி. குறைவாகத் தோன்றும், ஆனால் நான்கு மடக்கு வரும். முதல் மடக்கு 2, 3 மில்லிதான், அது நாக்கை எழுப்ப. அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். இரண்டாவது ராவாக. பிறகு தண்ணீர் சேர்த்து மீதி இரண்டு. ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடம் கொடுங்கள், மூன்றாவதுக்குப் பிறகு 20 நிமிட இடைவேளை. மொத்தம் இரண்டு மணி நேரம் ஆகிவிடும், ஆகட்டும்.

கிளாஸ்: அடி அகன்று வாய் குறுகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கிளென்கேர்ன் (விஸ்கி சுவைக்கவென்றே செய்த கிளாஸ்) இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ் தாராளமாகப் போதும். நேர்ச்சுவர் டம்ளர் மட்டும் வேண்டாம், வாசனை தங்காமல் பரவிப் போய்விடும். ஆறு பேருக்கு 36 கிளாஸ் தேட வேண்டியதில்லை, ஆளுக்கு இரண்டு போதும். ஒன்றில் இப்போதைய விஸ்கி, மற்றதில் முந்தையதில் கொஞ்சம் மிச்சம். இரண்டையும் மாற்றி மாற்றி முகரும்போதுதான் வேறுபாடு தெரியும். நினைவிலிருந்து ஒப்பிடுவது யாருக்கும் கைகூடாது.

கழுவும்போது சோப்பு வேண்டாம், வெந்நீர் போதும். அலமாரியில் கவிழ்த்து வைத்த கிளாஸில் அலமாரி வாசம் தேங்கியிருக்கும், ஊற்றும் முன் வெறும் கிளாஸை ஒருமுறை முகர்ந்து பாருங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள், அப்புறம் "பழைய மரவாசம் வருது" என்று விஸ்கிக்குப் பாராட்டு கிடைக்கும்.

முகரும் முறை: ஒயின் போலச் சுழற்றாதீர்கள், சாராய ஆவி முந்திக்கொண்டு வந்து மூக்கைச் சுடும். கிளாஸை முகவாய்க்கு நேராகப் பிடித்து மெல்ல மேலே கொண்டுவாருங்கள். வாயை லேசாகத் திறந்து வைத்து இரண்டு நொடி முகர்ந்து விலகுங்கள். முதல் தடவை சுருக்கென்றுதான் இருக்கும்; இரண்டாவது, மூன்றாவது முகர்வில் பழம், தேன், மரம் எல்லாம் வெளிவரும். மூக்கு மரத்துப்போனால் உங்கள் புறங்கையை முகருங்கள், பழகிய வாசம் என்பதால் மூக்கு பழைய நிலைக்குத் திரும்ப உதவும்.

வரிசை: ஆக்கன்டோஷன், கிளென்லிவெட், கிளென்டிரோனாக், டாலிஸ்கர், ஆர்ட்பெக், கடைசியில் 105.

பீப்பாய்:

முதல் ஐந்திலும் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. 105-ஐக் கடைசியில் வைப்பதில்தான் சிக்கல்.

105 ஷெர்ரி (ஸ்பெயின் நாட்டு ஒயின் வகை) பீப்பாய் விஸ்கி, அதில் பீட் (பார்லியைக் காயவைக்க எரிக்கும் சதுப்புநிலக் கரிமண்) புகை கிடையாது. ஆர்ட்பெக்கின் புகை நாக்கிலும் தொண்டையிலும் வெகுநேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் 105-ஐ ஊற்றினால் உலர்திராட்சையும் பட்டையும் தெரியாது, சாம்பலில் தோய்த்த கேக் மாதிரிதான் தெரியும். சாராய அளவை மட்டும் பார்த்து அடுக்குவது பழைய வழக்கம். ஆனால் புகையின் பிடி சாராயத்தின் பிடியைவிட நீளம். ஆகவே புகையில்லாதவை நான்கும் முதலில், புகையுள்ளவை இரண்டும் பிறகு. கிளென்டிரோனாக், அதையடுத்து 105, அப்புறம் இடைவேளை, அப்புறம் டாலிஸ்கர், ஆர்ட்பெக்.

இப்படி வைத்தால் இன்னொரு லாபம். கிளென்டிரோனாக் 12 ஒலொரோசோ, பெட்ரோ ஹிமெனெஸ் என்ற இரண்டு ஷெர்ரி வகைகளின் பீப்பாய்களில் முதிர்ந்தது. 105-உம் ஷெர்ரி. இரண்டும் அடுத்தடுத்து வந்தால் ஷெர்ரியின் பொதுக்குணம் எது, அந்தந்த வடிசாலையின் குணம் எது என்று பிரித்துப் பார்க்கலாம்.

ஆக்கன்டோஷனையும் கிளென்லிவெட்டையும் "லைட்" என்று சொல்லி அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். ஆக்கன்டோஷன் மூன்று முறை வடிப்பது, ஸ்காட்லாந்தில் பெரும்பாலானவை இரண்டே முறை. மூன்றாவது வடிப்பில் கனமான, எண்ணெய்ப்பசையுள்ள பகுதி இன்னும் கழிந்துபோகும். கிளென்லிவெட்டில் பச்சை ஆப்பிள், அன்னாசி வாசம் வரும். ஆக்கன்டோஷன் அதைவிட மெலிந்து, தானியமும் எலுமிச்சைத் தோலுமாக இருக்கும். இரண்டும் 40%தான் என்பதால் காரம் குறுக்கே வராது. நாக்குக்கு நல்ல பயிற்சி இந்த ஜோடிதான்.

பிபிஎம் எண்ணைப் பற்றி (புகைவாசம் தரும் ஃபீனால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பது) ஒரு வார்த்தை, கட்டாயம் யாராவது ஆரம்பிப்பார்கள். ஆர்ட்பெக் 50-க்கு மேல், டாலிஸ்கர் ஏறக்குறைய அதில் பாதி என்பார்கள். அது பாட்டிலில் உள்ள ஃபீனால் அளவு இல்லை, முளைகட்டி புகையில் காயவைத்த பார்லியில் அளந்தது. அரைப்பு, ஊறல், வடிப்பு, பீப்பாய் என ஒவ்வொரு கட்டத்திலும் அதில் பெரும்பகுதி போய்விடும். வடிக்கும்போது எந்தக் கட்டத்தில் சேகரிப்பை நிறுத்துகிறார்கள் என்பதும் புகையை மாற்றும், ஏனென்றால் கனமான ஃபீனால்கள் கடைசியில்தான் வரும். எண்ணை வைத்து "இது இருமடங்கு புகை" என்று கணக்குப் போடாதீர்கள்.

ஐலா (ஆர்ட்பெக் வரும் ஸ்காட்லாந்துத் தீவு) என்றாலே புகை என்பதும் தவறு. புனஹாவென் 12-உம் புருக்லாடியின் கிளாசிக் லாடியும் ஐலாதான், இரண்டிலும் பீட் வாசம் தேடினால் கிடைக்காது. பிராந்தியப் பெயர் ஊரைச் சொல்லும், சுவைக்கு உத்தரவாதம் தராது.

கணக்குப்பிள்ளை:

தண்ணீர்க் கணக்கை யாரும் போடவில்லை, நான் போடுகிறேன்.

"நாலு சொட்டு தண்ணீர் விட்டால் விஸ்கி திறக்கும்" என்று சொல்வார்கள். டிராப்பரில் 20 சொட்டு சுமார் 1 மில்லி. ஆக நாலு சொட்டு 0.2 மில்லி. 46% உள்ள 15 மில்லியில் அதை விட்டால் 45.4% ஆகும். அதாவது, ஒன்றுமே ஆகவில்லை. உண்மையிலேயே வித்தியாசம் வேண்டுமென்றால் டீஸ்பூன் அளவில் யோசிக்க வேண்டும்.

சூத்திரம் எளிது: விஸ்கி அளவு × இப்போதைய சதவீதம் ÷ வேண்டிய சதவீதம். அதிலிருந்து விஸ்கி அளவைக் கழித்தால் சேர்க்க வேண்டிய தண்ணீர்.

105: 15 × 60 ÷ 45 = 20. எனவே 5 மில்லி, சரியாக ஒரு டீஸ்பூன்.
ஆர்ட்பெக்: 15 × 46 ÷ 40 = 17.25. எனவே 2.25 மில்லி, அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு.
40% உள்ள இரண்டிலும் அவசரப்பட்டுச் சேர்க்காதீர்கள், ஏற்கெனவே தண்ணீர் கலந்துதான் பாட்டிலில் வருகிறது. 5 மில்லி விட்டால் 30%க்கு இறங்கி, உடம்பில்லாமல் சப்பென்று ஆகிவிடும்.

பீப்பாய் சொன்ன வரிசையில் ஒரு ஓட்டை உண்டு. 60% ராவாக நாக்கில் பட்டால் அடுத்து வரும் டாலிஸ்கர் பாதி தெரியாது. அதற்கு வழி: 105-ஐ ஒரே ஒரு சின்ன மடக்கு மட்டும் ராவாகக் குடித்துவிட்டு, உடனே 45%க்கு இறக்குங்கள். இடைவேளையும் அங்கேயே வருவதால் சரியாகிவிடும். இப்படிச் செய்வதாக இருந்தால் என் ஓட்டும் பீப்பாய்க்கே.

தண்ணீர் ஏன் வேலை செய்கிறது என்பதற்கு 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல்சன், ஃபிரீட்மன் இருவரும் ஒரு கணினி மாதிரி ஆய்வு வெளியிட்டார்கள். புகைவாசம் தரும் குவயகால் என்ற மூலக்கூறை எடுத்துக்கொண்டார்கள். சாராயம் 45% வரை இருக்கும்போது அது திரவத்தின் மேற்பரப்புக்கு அருகே நிற்கிறது. 59%க்கு மேல் போனால் சாராய மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து உள்ளே இழுத்துவிடுகின்றன. கணினி மாதிரிதான், மனித மூக்கை வைத்துச் செய்த சோதனை இல்லை. ஆனால் 105-க்கு 45% என்ற இலக்கை நான் சும்மா எடுக்கவில்லை.

தண்ணீர் அறை வெப்பத்தில், குளோரின் வாசமில்லாமல் இருக்கட்டும். ஐஸ் வேண்டாம்: குளிரில் வாசனை எழாது, நாக்கும் மரக்கும், எவ்வளவு கரைந்தது என்ற கணக்கும் போய்விடும். தண்ணீர் விட்டதும் ஆர்ட்பெக் லேசாகக் கலங்கினால் பயப்பட வேண்டாம். குளிர்வித்து வடிகட்டாத விஸ்கி அது. கொழுப்பமில எஸ்டர்கள் கரையாமல் பிரிவதால் வரும் மங்கல். கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை.

ஆறுக்கும் 15 மில்லி வீதம் கூட்டினால் ஒருவருக்குச் சுத்தமான சாராயம் 41 மில்லி. 40% விஸ்கியில் 30 மில்லி ஸ்மால் கணக்குப்படி ஏறக்குறைய மூன்றரை. ஆளுக்கொரு துப்பும் டம்ளர் வையுங்கள், தொழில்முறையில் சுவைப்பவர்கள் துப்பத்தான் செய்கிறார்கள், கௌரவக் குறைச்சல் இல்லை. துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். வண்டி ஓட்டுபவர் அன்று முகர்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கரிப்புகை:

எல்லோருக்கும் நன்றி. வரிசை முடிவாகிவிட்டது, 105 நாலாவது. இன்னும் இரண்டு சந்தேகம். பெயரை மறைத்து ஊற்றலாமா? அப்புறம், ஷெர்ரி விஸ்கியில் தீக்குச்சி வாசம் வருவதாகச் சொல்கிறார்களே, அது பழுதா?

மூக்கும்முழியும்:

தீக்குச்சி, ரப்பர் வாசம் கந்தகத்தால் வருவது. காலிப் பீப்பாய் பூசணம் பிடிக்காமலிருக்கக் கந்தகத் திரி கொளுத்தும் வழக்கத்திலிருந்து வரலாம், வடிக்கும்போதே ஸ்பிரிட்டிலிருந்தும் வரலாம். மூக்குக்கு மூக்கு உணர்வு மாறும். ஒருவர் முகம் சுளிக்கும் அதே கிளாஸை அடுத்தவர் "என்ன பழவாசம்!" என்பார், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தால் லேசான கந்தகம் அடங்கிவிடும். அடங்காவிட்டால் அந்த பாட்டிலின் குணம் அதுதான்.

மறைத்து ஊற்றுவது: தாராளமாக. ஆனால் வரிசையை மாற்றாமல் பெயரை மட்டும் மறையுங்கள். கிளாஸுக்கு 1, 2, 3 என்றோ அ, ஆ, இ என்றோ எழுதாதீர்கள், முதல் எண் சிறந்தது என்ற நினைப்பு தானாக ஒட்டிக்கொள்ளும். 417, 862 மாதிரி அர்த்தமில்லாத எண் போடுங்கள். எல்லோரும் எழுதி முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. ஒருவர் "வெண்ணிலா" என்று சொல்லிவிட்டால் ஆறு பேருக்கும் வெண்ணிலாதான் வரும்.

நிறத்தைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். ஸ்காட்ச்சில் கேரமல் நிறமி சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. உங்கள் ஆறில் புகை அதிகமுள்ள ஆர்ட்பெக்தான் வெளிறிய நிறத்தில் இருக்கும்.

கணக்குப்பிள்ளை:

விளையாட்டாக ஒரு சுற்று சேர்க்கலாம், ஆனால் முதலிலேயே வையுங்கள். ஆளுக்கு மூன்று கிளாஸ், 5 மில்லி வீதம். இரண்டில் கிளென்லிவெட், ஒன்றில் ஆக்கன்டோஷன். தனித்து நிற்பது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். எந்தக் கிளாஸ் தனி என்பதை ஆளுக்கு ஆள் மாற்றி வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே ஆறில் இருவர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். நாலு பேர் சரி என்பதுகூடப் பத்தில் ஒரு வாய்ப்பில் தற்செயலாக நடந்துவிடும். ஐந்து பேராவது சரியாகச் சொன்னால்தான் வேறுபாடு பிடிபட்டது என்று நம்பலாம்.

பீப்பாய்:

காலிக் கிளாஸை உடனே கழுவிவிடாதீர்கள். இருபது நிமிடம் கழித்து முகர்ந்தால் சாராயம் போய், பீப்பாயும் புகையும் மட்டும் மிஞ்சியிருக்கும். ஆர்ட்பெக்கையும் டாலிஸ்கரையும் பிரித்தறிய அதுதான் சுலபமான நேரம்: ஆர்ட்பெக்கில் தாரும் சாம்பலும், டாலிஸ்கரில் மிளகு.

மிச்ச பாட்டிலை நிமிர்த்தியே வையுங்கள், ஒயின் மாதிரிப் படுக்கவைத்தால் சாராயம் கார்க்கை அரித்துவிடும். ஒரு பாட்டிலில் 90 மில்லிதான் குறையும் என்பதால் அவசரமில்லை. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியதும் கழுத்துவரை நிரம்பும் சின்னக் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். வெயில் படாத இடமாக இருக்கட்டும். கார்க் உடைந்து உள்ளே விழுந்தால் எவர்சில்வர் டீ வடிகட்டியில் வடிகட்டுங்கள். தாளில் வடிகட்டினால் தாள் வாசம் ஏறும்.