கப்பல் முனையம்: பயணம் போனவர்கள், துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்கள் உதவுங்களேன்

வணக்கம். நான் கட்டிடக்கலை இறுதியாண்டு மாணவி. சென்னைத் துறைமுகத்துக்கு ஒரு சொகுசுக் கப்பல் முனையம் வடிவமைப்பதுதான் என் திட்டம்.

ஜப்பானின் யோகோஹாமாவில் 2002-ல் திறந்த ஒசன்பாஷி முனையத்தை முன்மாதிரியாக வைத்துப் படிக்கிறேன். மாடிகளைப் பெரும்பாலும் சரிவுப் பாதைகளே இணைக்கின்றன. கூரையில் ஊர்மக்கள் உலாவும் மரத்தளம். அழகு சரி, எனக்குக் கவலை கூட்டத்தைப் பற்றித்தான். விமான நிலையம் போல இங்கே ஆட்கள் நாள் முழுக்கப் பரவி வருவதில்லை. காலையில் ஒரு கப்பல் கூட்டம் பெட்டிகளோடு இறங்கும். அந்த இடம் காலியாவதற்குள் அடுத்த பயணத்துக்கான கூட்டம் வந்து நிற்கும். இரண்டும் முட்டிக்கொள்ளக் கூடாது.

2022-லிருந்து சென்னையில் கப்பல் ஏறியவர்கள் இங்கே இருப்பீர்கள். ஊழியர்கள் உங்கள் பெட்டியை எங்கே வாங்கிக்கொண்டார்கள்? வரிசையில் உட்கார இடம் இருந்ததா? வயதானவர்களையோ சக்கர நாற்காலியில் வருபவர்களையோ கூட்டிப்போனவர்கள், ஏறுபாலத்தின் சரிவு எப்படி இருந்தது என்று கட்டாயம் சொல்லுங்கள். வரைபடத்தில் எனக்குப் பிடிபடாத இடம் அதுதான். அப்புறம், இறங்கியதும் ஆட்டோ, டாக்ஸி பிடிக்க எவ்வளவு தூரம் நடந்தீர்கள்?

சுங்கம், குடியேற்றம், சுமை தூக்கும் பணியில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் சொல்வது இன்னும் முக்கியம். உங்களுக்கு ஓய்வறை எங்கே இருந்தால் வசதி?