'தி கலெக்டர்' நாவல்: மிராண்டா மேல் எரிச்சல் வந்தது எனக்கு மட்டும்தானா?

பழையபேப்பர்:
ஜான் ஃபவுல்ஸ் 1963இல் எழுதிய நாவல். முடிவு வரை பேசப்போகிறேன், படிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள். கிளெக் ஒரு டவுன்ஹால் குமாஸ்தா, பட்டாம்பூச்சி சேகரிக்கிறவன். கால்பந்துப் பந்தயத்தில் 73,000 பவுண்டுக்கு மேல் விழுந்ததும் சசெக்ஸில் ஒதுக்குப்புறமாக ஒரு பழைய வீட்டை வாங்கி, ஓவியம் படிக்கும் மிராண்டாவைக் குளோரோஃபார்ம் வைத்துக் கடத்தி நிலவறையில் அடைக்கிறான். முதலில் பேசுவது அவன்தான். கேட்ட புத்தகம், துணிமணி எல்லாம் வாங்கித் தருகிறானே, பாவம் என்று மனசு அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அப்புறம் அவள் டைரி வருகிறது. அதில் அவன் பேச்சு, ரசனை, வீட்டு அலங்காரம் என்று ஒன்று விடாமல் இளக்காரம். ஃபவுல்ஸ் வேண்டுமென்றேதான் இப்படிச் செய்தாரா?

கருவேலம்:
வேண்டுமென்றேதான். "அவளுக்கென்ன, ராணி மாதிரி வைத்திருக்கிறான்" என்று நம் ஊரில் சொல்வார்களே, கிளெக் நம்மை அந்த இடத்துக்குத்தான் கொண்டுபோகிறான். இருபது வயதுப் பெண், கொஞ்சம் திமிர் இருக்கும், இருக்கட்டுமே. அடைபட்டவள் நமக்குப் பிடித்தமாதிரி நடந்துகொண்டால்தான் இரக்கப்படுவோமா? அவள் என்னதான் செய்யவில்லை: சுவரைத் தோண்டுகிறாள், குடல்வால் வலி என்று நடிக்கிறாள், பட்டினி கிடக்கிறாள், கோடரியால் அடிக்கிறாள், கடைசியில் அவனோடு படுக்கவும் துணிகிறாள். அதற்கு அப்புறம்தான் அவனுக்கு அவள் மேல் இருந்த மரியாதையே போகிறது. அவனுக்கு வேண்டியது அவள் இல்லை, வாய் திறக்காத ஒரு மிராண்டா.

இரவுப்பேருந்து:
டைரி என்ன ஆனது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. நிமோனியாவில் அவள் துடிக்கும்போது இவன் டாக்டர் வீட்டு வரவேற்பறை வரை போய் உட்கார்ந்துவிட்டு, பயந்து திரும்பி வருகிறான். அவள் செத்த பிறகு தானும் சாவதாகத் திட்டம். அப்போதுதான் டைரி கையில் கிடைக்கிறது. அவ்வளவையும் படித்து அவன் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று, 'இவள் என்னைக் காதலிக்கவே இல்லை'. சாகிற எண்ணம் அதோடு போயிற்று. அவள் தனக்கென்று எழுதிய ஒரே பொருள்கூட அவன் கையில் போய், அவனைக் காப்பாற்றத்தான் உதவுகிறது. புத்தக அமைப்பிலும் அதே கதைதான்: நடுவில் அவள் டைரி, முன்னும் பின்னும் அவன்.

ஒற்றைக்கொம்பு:
டைரியில் அந்த ஓவியர் ஜி.பி. வரும் பக்கங்கள் எனக்கு இழுவை. ஆனால் இரண்டாம் முறை படிக்கும்போது வேறு மாதிரி பட்டது. அவளைவிட இரண்டு மடங்கு வயதான ஆள், எது நல்ல ஓவியம், எப்படி வாழவேண்டும் என்று அவர் சொன்னதையெல்லாம் வேதவாக்காக எழுதிவைத்திருக்கிறாள். நிலவறைக்கு வெளியிலும் இவளை வடிவமைக்க ஒரு ஆண் இருந்திருக்கிறான். அதை ஃபவுல்ஸ் உணர்ந்து எழுதினாரா என்பதில் எனக்குச் சந்தேகம்.

பழையபேப்பர்:
ஜி.பி. பற்றிச் சொன்னது சரி, திரும்பப் படிக்கவேண்டும். ஆனாலும் கிளெக்கின் ஏழைப் பின்னணி, தனிமை எல்லாம் சேர்ந்துதானே அவனை இப்படி ஆக்கியது?

கருவேலம்:
கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். மிராண்டாவைத் தோட்டத்தில் புதைத்தாகிவிட்டது, லூயிஸ் ஊர் வூல்வொர்த்ஸ் கடையில் வேலை பார்க்கும் மேரியனை நோட்டம் விடுகிறான். போன தடவை தகுதிக்கு மேல் ஆசைப்பட்டதுதான் தப்பு, இந்தத் தடவை சொன்னபடி கேட்கிறவளாக இருக்கட்டும் என்று கணக்குப் போடுகிறான். இதற்குப் பிறகும் "பாவம், தனிமை" என்றால் என்னிடம் பதில் இல்லை.