பிடித்துக் கட்டிப்போட்ட திருடனை அடிக்கலாமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செண்பகம்_திருவாரூர்

நடந்து மாதக்கணக்காகிறது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. சங்கிலிப் பறிப்பு எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பைக், இரண்டு பேர், ஹெல்மெட். என் விஷயத்தில் பைக் மணலில் சறுக்கிப் பின்னால் இருந்தவன் மாட்டிக்கொண்டான். சங்கிலியும் ரோட்டிலேயே கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் நடந்ததுதான் உறுத்துகிறது.

கொடிக்கயிற்றால் மின்கம்பத்தில் கட்டினார்கள். வழியில் போன ஒருவர் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து, ஓங்கி ஒரு அறை விட்டுவிட்டு, மறுபடி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். என்ன நடந்தது என்றுகூட அவர் கேட்கவில்லை. "நீங்க ஒண்ணு வைங்கம்மா" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. மேலுதடு கிழிந்திருந்தது. "அக்கா, தண்ணி" என்றான். பாட்டிலை நீட்டினேன். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் அதைத் தட்டிவிட்டார். "திருட்டுப் பயலுக்கு உபசாரமா?" தினமும் காலையில் என்னிடம் நலம் விசாரிக்கிற மனிதர்.

அவன் ஜெயிலுக்குப் போகவேண்டும் என்றுதான் புகார் எழுதிக் கொடுத்தேன். அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தப் பெரியவரை நேருக்கு நேர் பார்த்துப் பேச முடியவில்லை.

மேலூர்_பாண்டி

அக்கா, நகை கையில் கிடைத்ததால் உங்களுக்கு இரக்கம் வருகிறது. எங்கள் அம்மாவுக்குச் சங்கிலியோடு காதும் போனது. தோட்டைப் பிடித்து இழுத்ததில் காது மடல் இரண்டாகக் கிழிந்துவிட்டது. முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வீடு வரை நடந்தே வந்திருக்கிறார். வாசலில் நின்று என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அப்பாகிட்ட என்னடா சொல்றது?" தப்பு செய்தவரைப் போலக் கேட்டார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

ஸ்டேஷனில் புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான் கொடுத்தார்கள். எஃப்.ஐ.ஆருக்கு நடையாய் நடந்தோம். கடைசியில் ஆளையும் பிடித்தார்கள், அடகுக்கடையிலிருந்து நகையையும் மீட்டார்கள். நகை கோர்ட்டில் கிடக்கிறது, அவன் ஜாமீனில் வந்து எங்கள் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிறான். வாய்தாவுக்கு மேல் வாய்தா. போலீசிடம் சிக்கியவன் அடிவாங்கி மாவுக்கட்டோடு நிற்கிற படத்தைப் பேப்பரில் பார்த்தால் எனக்கு மனசு ஆறத்தான் செய்கிறது. 2019ல் கடையத்தில் அரிவாளோடு வந்த கொள்ளையர்களை நாற்காலியால் அடித்து விரட்டிய வயதான தம்பதிக்கு அரசாங்கமே விருது கொடுத்ததே! அடித்தது தப்பு என்றா சொன்னார்கள்?

வழக்கறிஞர்_சேலம்

நான் பார்த்த ஒரு வழக்கு. கடைத்தெருவில் பிடிபட்ட திருடன் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான். அடித்த கடைக்காரர்கள் வரிசையாக என் எதிரே உட்கார்ந்து, ஆளாளுக்கு "நான் ஒரே ஒரு அடிதான் சார் அடிச்சேன்" என்று அழுதார்கள். எல்லாரும் குடும்பஸ்தர்கள்.

இதைப் படிப்பவர்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்பு உரிமை, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. உங்கள் உயிரை மட்டுமல்ல, அடுத்தவர் உயிரையும், பொருளையும்கூட நீங்கள் காக்கலாம். உயிர் போகும், கொடுங்காயம் ஆகும், பாலியல் வன்முறை நடக்கும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், எதிராளி சாகிற அளவுக்குப் போனாலும் 38வது பிரிவு காப்பாற்றும். ஆனால் தேவைக்கு மேல் ஒரு அடிகூடக் கூடாது என்கிறது 37. திருட்டில் பொருள் திரும்பக் கிடைத்துவிட்டால் அந்த உரிமை அதோடு முடிந்தது. தம்பி பாண்டி, கடையத்தில் அரிவாள் வீசிக்கொண்டிருக்கும்போது நாற்காலி பறந்தது. கம்பத்தில் கட்டியவனிடம் என்ன ஆபத்து மிச்சம் இருக்கிறது?

பிடித்து வைக்கவும் பொதுமக்களுக்கு அதிகாரம் உண்டு. ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றத்தைக் கண்ணெதிரே செய்தவனைப் பிடிக்கலாம். ஆனால் தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைக்கவேண்டும். 112க்குக் கூப்பிட்டு, கூப்பிட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வீடியோ எடுப்பவர் திருடன் முகத்தை எடுக்கும் ஆர்வத்தில் பைக் நம்பரை விட்டுவிடுவார், அதை முதலில் எடுங்கள். மாவுக்கட்டு விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. 2020ல் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தில் கடை திறந்து வைத்திருந்ததாகச் சொல்லித்தான் அப்பாவையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு பேரும் உயிரோடு வீடு திரும்பவில்லை.

கோவை_நித்யா

சட்டம் சரி சார். எனக்கு வேறு கேள்வி. டவுன் பஸ்ஸில் பின்னால் நின்றவன் செய்ததை விவரிக்கத் தேவையில்லை, பெண்களுக்குத் தெரியும். துப்பட்டாவில் இருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தினேன். அவன் கத்தினான், என்னை அடிக்கக் கை ஓங்கினான். பஸ் நிறைய ஆம்பளைகள். பூக்கூடையோடு தரையில் உட்கார்ந்திருந்த ஒரு ஆயாதான் எழுந்து எங்களுக்கு நடுவில் நின்றது. கூடையைக் கவசம் மாதிரிப் பிடித்துக்கொண்டு, "கைய வைடா பாக்கலாம்" என்றது. மல்லிகை எல்லாம் கொட்டிப் போயிற்று. கண்டக்டர் என்னைப் பார்த்து, "ஏம்மா ஊக்கு எல்லாம்?" என்றார்.

பாண்டி அண்ணா, நகைக்கு என்றால் ஊரே திரண்டு அடிக்கிறது. எனக்கு ஏன் யாரும் வரவில்லை? 2021ல் சோழவரம் பக்கம், கத்தியைக் காட்டி மிரட்டியவனை அதே கத்தியால் குத்திய பெண்ணைத் தற்காப்பு என்று சொல்லி போலீஸ் விட்டுவிட்டது. அந்த நேரத்தில் அவளும் தனியாகத்தான் இருந்தாள்.

ஆரணி_மருமகன்

என் மாமனார் தவணைக்குத் துணி விற்பவர். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் புரளி ஓடிய சமயம். ஒரு ஊரில் குழந்தையிடம் "உங்க அம்மா இருக்காங்களா?" என்று கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். சட்டையைப் பிடித்துவிட்டார்கள். வழக்கமாகப் புடவை வாங்கும் ஒரு அம்மா ஓடிவந்து, தவணை அட்டையைத் தூக்கிக் காட்டி, "இது நம்ம துணிக்காரர்யா" என்று கதறியதால் பிழைத்தார். போளூர் பக்கம் அத்திமூரில் அதே மாதம் கோயிலுக்கு வந்த மூதாட்டிக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக அடித்தே கொன்றார்கள்.

பாண்டி, உங்கள் அம்மாவுக்கு நடந்தது அநியாயம். ஆனால் கூட்டம் அடிக்கிற ஆள் திருடன்தானா என்று யார் பார்த்துச் சொல்வது?

மேலூர்_பாண்டி

நித்யா தங்கச்சி, அந்த பஸ்ஸில் நான் இருந்திருந்தால் வந்திருப்பேன். ஆரணிக்காரர் சொல்வதும் புரிகிறது. ஆனால் எங்கள் அம்மாவைத் தொட்டவன் யார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் எதிரே வரும்போது சும்மா போவது எவ்வளவு கஷ்டம் என்று வக்கீல் சாருக்குத் தெரியாது. சார், ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்த நகையை வழக்கு முடிவதற்கு முன்னால் வாங்க வழி இருக்கிறதா?

வழக்கறிஞர்_சேலம்

இருக்கிறது தம்பி. வழக்கு நடக்கும் அந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே நகையை இடைக்காலமாக ஒப்படைக்கக் கேட்டு அம்மா பெயரில் மனு போடுங்கள். வாங்கிய ரசீது இருந்தால் வையுங்கள். இல்லாவிட்டால் அம்மா அதைப் போட்டுக்கொண்டு எடுத்த கல்யாணப் போட்டோ இருந்தாலும் கொண்டுபோங்கள். கேட்கும்போது காட்டுவேன் என்று பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். வழக்கு முடியும்வரை அதை விற்கவோ உருக்கவோ கூடாது.